போவீரா, மாட்டீரா?

சனவரி பிறந்துவிட்டால் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து உலகில் ஒரே கேள்விதான் உலவும். பருவத்தின் ஆட்டங்கள் ஏறக்குறைய முடிந்திருக்கும். வென்ற அணியின் பயிற்சியாளர் முன் ஒலிவாங்கிகளை நீட்டி, "தொழில்முறை அணிக்குப் போகப் போகிறீர்களாமே?" என்று நிருபர்கள் கேட்பார்கள். அவரும் ஏதோ சொல்வார். அது ஆமென்றும் இராது, இல்லையென்றும் இராது. அடுத்த மூன்று வாரங்களுக்கு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் அந்த ஒற்றை வாக்கியத்தைப் பதம் பிரித்துப் பொழிப்புரையும் விருத்தியுரையும் எழுதிக்கொண்டிருப்பார்கள். நம் உரையாசிரியர்கள்கூட ஒரு சூத்திரத்தின்மேல் இத்தனை உழைப்பைச் செலவிட்டிருப்பார்களா என்பது ஐயமே.

கால்பந்து என்று இங்கே நாம் குறிப்பது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஆட்டத்தை. (காலுக்கு அதில் வேலை குறைவு. காரணப்பெயரா இடுகுறிப்பெயரா என்ற விவாதத்தை மாணவர்களுக்கு விட்டுவிடுவோம்.) கல்லூரி விளையாட்டு என்றதும் வேப்பமரத்தடி மைதானத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆன் ஆர்பரில் வைத்திருக்கும் அரங்கில் 1,07,601 இருக்கைகள் உண்டு. பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் பெறுவோரில் முதலிடம் ஆளுநருக்குமில்லை, பல்கலைக்கழகத் தலைவருக்குமில்லை. அங்குள்ள கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளருக்கே. இவர்களுக்கு மேல்தளமாக இருப்பது என்.எஃப்.எல் எனப்படும் தொழில்முறைக் கழகம். அதில் 32 அணிகள். ஆண்டுதோறும் அவற்றுள் சில தம் பயிற்சியாளரை விலக்கும். விலக்கியதும் கண்கள் கல்லூரிகளின் பக்கம் திரும்பும்.

இந்த ஊகத் திருவிழாவில் அண்மைக் காலத்தில் மிக நீண்ட நாள் தேரில் அமர்ந்திருந்தவர் ஜிம் ஹார்பா. மிச்சிகனிலேயே படித்து, ஆடி, பின்னர் தொழில்முறை ஆட்டக்காரராகி, ஸ்டான்ஃபோர்டில் பயிற்சியாளராகப் பெயர்பெற்று, 2011 முதல் 2014 வரை சான் பிரான்சிஸ்கோ 49ஏர்ஸ் அணியை நடத்தியவர். 2013 பிப்ரவரியில் சூப்பர் பவுல் இறுதியாட்டம் வரை சென்று, தம் சொந்த அண்ணன் ஜான் பயிற்றுவித்த பால்டிமோர் அணியிடம் 34-31 என்று தோற்றார். 2014 திசம்பரில் தாய்க் கல்லூரிக்குத் திரும்பினார். 2020-இல் அணி ஆறு ஆட்டங்களில் இரண்டையே வெல்ல, 2021 சனவரியில் அவருடைய அடிப்படைச் சம்பளம் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் பரம எதிரியான ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தை 42-27 என்று வென்றார். உடனே வதந்தி தொடங்கியது.

2022 பிப்ரவரி 2-ஆம் நாள், உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தாம் சேரப்போகும் கல்லூரிக்குக் கையெழுத்திடும் மரபான நாள். அன்று ஹார்பா இருந்த இடம் மினியாபொலிஸ். மினசோட்டா வைகிங்ஸ் அணியின் நேர்காணலில். வேலை கைகூடவில்லை. திரும்பி வந்து, இது ஆண்டுதோறும் நடக்கும் செயலாக இராது, ஒருமுறையோடு சரி என்று விளையாட்டுத் துறைத் தலைவரிடம் உறுதி கூறியதாக அவரே சொன்னார். இரு வாரங்களில் 5 ஆண்டுகளுக்கு 3 கோடியே 67 இலட்சம் டாலர் மதிப்புள்ள புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த சனவரியில் டென்வர் அணியோடு பேச்சு. இம்முறை பயிற்சியாளர் தங்குகிறார் என்ற நற்செய்தியைப் பல்கலைக்கழகத் தலைவரே ட்விட்டரில் உலகுக்கு அறிவித்தார். அதற்கடுத்த சனவரி 8-ஆம் நாள், 2024-இல், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை 34-13 என்று வீழ்த்தி மிச்சிகன் தேசிய வாகையர் ஆயிற்று. அப்பருவத்தில் 15 ஆட்டம், 15 வெற்றி. பதினாறாம் நாள், சனவரி 24 அன்று, லாஸ் ஏஞ்சலிஸ் சார்ஜர்ஸ் அணி ஹார்பாவைத் தன் பயிற்சியாளராக அறிவித்தது.

இந்தச் செய்தியைப் படித்த நாட்களில் நமக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. தொழில் புத்தி என்று வைத்துக்கொள்ளலாம். பவணந்தியார் விடையை எட்டு வகையாக்குகிறார்: சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி. முதல் மூன்றும் நேர்விடை. பின் ஐந்தும் நேராகச் சொல்லாமல் விடையைத் தருபவை. வகுப்பில் இதை நடத்தும்போது, பின் ஐந்துக்கும் எடுத்துக்காட்டுத் தேடி நாம் அல்லாடுவதுண்டு. கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர்களின் நேர்காணல்கள் கைவசம் இருந்தால் அந்தக் கவலையே இல்லை.

"அதை என் முகவரிடம் கேளுங்கள்" என்பது ஏவல். "இங்கே மகிழ்ச்சியாக இருந்திருக்கிறேன்" என்பது உற்றதுரைத்தல். "அடுத்த வாரம் புதிய மாணவர்களைப் பார்க்கப் போகிறேன்" என்பது, வேலையைக் கேட்டால் வேறொரு வேலையைச் சொல்லும் இனமொழி. 2023 சனவரியில் ஹார்பா வெளியிட்ட அறிக்கை, வருங்காலத்தை யாரறிவார் என்று ஒரு முன்னொட்டைப் போட்டுக்கொண்டு, அவ்வாண்டும் மிச்சிகனிலேயே உற்சாகத்தோடு பயிற்றுவிப்பேன் என எதிர்பார்க்கிறேன் என்றது, உறுவது கூறல். 2024-இல் வாகை சூடிய இரவிலேயே எதிர்காலம் பற்றிக் கேட்டபோது, ஒரு மனிதன் இந்த மகிழ்ச்சியைக் கொஞ்சம் அனுபவிக்கக் கூடாதா, எப்போதும் அடுத்தது என்ன என்றே கேட்க வேண்டுமா என்று திருப்பிக் கேட்டார். வினா எதிர் வினாதலுக்கு இதைவிடத் தூய எடுத்துக்காட்டு கிடைக்குமா?

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். இலக்கண நூல் அந்த ஐந்தையும் விடையென்று ஏற்பதற்குக் காரணம், அவை சுற்றி வந்தாலும் ஒரே பொருளில் போய் நிற்கும் என்பதே. "ஆடுவாயா?" என்றவனிடம் "கால் வலிக்கிறது" என்றால் ஆடமாட்டான் என்று எவரும் அறிவர். பயிற்சியாளரின் சுற்றுமொழியோ இரண்டு பொருளையும் திறந்தே வைப்பது. போனால் "நான் தங்குவேன் என்று சொன்னேனா?" எனலாம், தங்கினால் "போவேன் என்று சொன்னேனா?" எனலாம். நன்னூலார் பட்டியலில் இதற்கு இடமில்லை.

மறை விடை தந்தவர்களும் உண்டு. 2006 திசம்பர் 21 அன்று, மயாமி டால்ஃபின்ஸ் என்னும் தொழில்முறை அணியின் பயிற்சியாளராக இருந்த நிக் சேபன், அலபாமா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராகப் போகப்போவதில்லை என்று ஐயத்துக்கு இடமின்றி மறுத்தார். இது எதிர்த்திசைப் பயணம் என்பது உண்மைதான். ஆனால் சொல்லின் கதி ஒன்றே. 13 நாட்கள் கழித்து, 2007 சனவரி 3-இல், அலபாமாவின் பணியை ஏற்றார். 8 ஆண்டு, 3 கோடியே 20 இலட்சம் டாலர். பின்னர் அங்கே ஆறு தேசிய வாகைகளை வென்று 2024 சனவரியில் ஓய்வுபெற்றபோது அந்த மறுப்பை நினைவில் வைத்திருந்தவர்கள் மயாமியில் மட்டுமே இருந்திருப்பார்கள். வென்றவனின் பொய்யை உலகம் வெகு விரைவில் மன்னிக்கிறது.

தோற்றவனுடையதை மன்னிப்பதில்லை என்பதற்கு பாபி பெட்ரினோ சான்று. 2006 சூலையில் லூயிவில் பல்கலைக்கழகத்தோடு பத்தாண்டு ஒப்பந்தம் செய்தார். 2007 சனவரியில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணிக்குப் போய்விட்டார். அங்கே 13 ஆட்டங்கள், மூன்றில் வெற்றி. பருவம் முடிய மூன்று ஆட்டம் இருக்கையில், திசம்பரில், ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்குத் தாவினார். ஆட்டக்காரர்களின் அலமாரிகளில் ஆளுக்கொரு கடிதம் வைத்துவிட்டுப் போனார். சில வரிகள்தாம். வளர்ந்த மனிதர்களிடம், அன்றாடம் உடன் வேர்வை சிந்தியவர்களிடம், முகம் பார்த்துச் சொல்ல வேண்டியதைத் தாளில் சொல்லிவிட்டுப் போனதை அட்லாண்டா மறக்கவில்லை.

இந்த ஊகத்தால் யாருக்கு ஆதாயம் என்று பார்த்தால் அது ஏன் ஆண்டுதோறும் தவறாமல் முளைக்கிறது என்பது விளங்கும். பயிற்சியாளரின் முகவருக்கு ஆதாயம். வேறொருவர் கேட்கிறார் என்ற செய்தியைவிடச் சம்பளத்தை உயர்த்தும் கருவி இல்லை. பாதியாக வெட்டப்பட்ட ஹார்பாவின் சம்பளம் எப்போது மீண்டது என்பதை மேலே பார்த்தோம். ஊடகத்துக்கு ஆதாயம், ஆட்டமில்லாத வாரங்களை நிரப்ப வேறென்ன இருக்கிறது? தொழில்முறை அணியின் உரிமையாளருக்கும் ஆதாயம். பெரிய பெயர் ஒன்று அடிபட்டாலே நுழைவுச்சீட்டு வாங்குவோர் நம்பிக்கை கொள்கிறார்கள். அந்தப் பெயருக்குரியவர் கடைசியில் வந்து வென்று காட்டுவது அரிது என்பது வேறு செய்தி. ஃபுளோரிடாவில் அரசனாக இருந்த ஸ்டீவ் ஸ்பரியர் வாஷிங்டன் அணியில் இரண்டு பருவத்தில் 12 வென்று 20 தோற்றார். அர்பன் மையர் 2021-இல் ஜாக்சன்வில்லில் பருவம் முடியும்வரைகூட இருக்கவில்லை. 2 வெற்றி, 11 தோல்வியோடு அனுப்பப்பட்டார். மறுபக்கம் பில் வால்ஷ் ஸ்டான்ஃபோர்டிலிருந்து போய் 49ஏர்ஸுக்கு மூன்று சூப்பர் பவுல் வென்று தந்தார்; ஜிம்மி ஜான்சன் மயாமி பல்கலைக்கழகத்திலிருந்து போய் டாலஸுக்கு இரண்டு. சுவையான செய்தி என்னவென்றால், வால்ஷின் முதல் பருவம் 2-14, ஜான்சனுடையது 1-15. அந்த உரிமையாளர்கள் பொறுத்திருந்தார்கள். இக்காலத்தில் 1-15 என்றால் பருவம் முடியுமுன் வீட்டுக்குத்தான்.

இரண்டு தளத்துக்கும் வேலையே வேறு. கல்லூரிப் பயிற்சியாளரின் திறமையில் பெரும்பகுதி ஆள் சேர்ப்பது. பதினாறு பதினேழு வயதுப் பையனின் வீட்டுக்குப் போய், அவன் தாயின் சமையலைப் புகழ்ந்து, உங்கள் மகனை என் மகனாகப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லி மனத்தை வெல்ல வேண்டும். தொழில்முறையில் அதற்கு வேலையில்லை. அங்கே புதியவர்களை வரிசைமுறையில் அணிகள் தேர்ந்தெடுக்கும், சென்ற பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு, சம்பளத்துக்கோ உச்சவரம்பு. சொல்வன்மையால் அங்கே ஆளைச் சேர்க்க முடியாது. ஆள் சேர்க்கும் ஓட்டம் ஆண்டு முழுதும் ஓயாது என்பதால், அதிலிருந்து தப்பவே பலர் தொழில்முறையை நாடுகிறார்கள் என்பதும் உண்மை. ஹார்பாவைப் பொறுத்தமட்டில், அண்ணனிடம் கைநழுவிய அந்தக் கோப்பை ஒன்று பாக்கியிருந்தது; ஆள் சேர்ப்பு விதிமீறல் குறித்த விசாரணையும் தலைக்குமேல் இருந்தது. அவர் போன பிறகு, 2024 ஆகஸ்டில், கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ அவர்மீது நான்காண்டுத் தண்டனை விதித்தது.

இழப்பு யாருக்கு என்பதே நம் கவலை. அந்தச் சமையலறையில் அமர்ந்து வாக்குறுதியைக் கேட்டுக்கொண்டிருந்த பையனுக்கு. 2017 முதல் மாணவர்கள் திசம்பரிலேயே கையெழுத்திடத் தொடங்கிவிட்டார்கள். 2023-இல் அந்த நாள் திசம்பர் 20. ஹார்பா போனது சனவரி 24. இடையே 35 நாட்கள். பயிற்சியாளர்களின் சந்தை சனவரியில் திறக்கும். மாணவர்களின் சந்தை திசம்பரில் அடைபடும். இந்த வரிசை தற்செயலாகவே அமைந்திருக்கலாம்; ஆனால் நெல்லை அளந்து வாங்கிக்கொண்ட பிறகு மரக்காலை மாற்றுவதற்கு வசதியாக அமைந்துவிட்டது.

முன்பு இது இன்னும் கொடியதாக இருந்தது. மாணவன் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தில், நீ சேர்வது கல்வி நிறுவனத்தில், ஒரு குறிப்பிட்ட பயிற்சியாளரிடம் அன்று என்று தெளிவாகவே அச்சிட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து பேசியவர் பயிற்சியாளர். தாளில் இருப்பதோ நிறுவனம். பயிற்சியாளர் போய்விட்டார் என்று மாணவனும் வேறு கல்லூரிக்கு மாறினால் ஓராண்டு ஆடாமல் அமர்ந்திருக்க வேண்டும். ஆடும் உரிமையே மொத்தம் நான்கு பருவம். பயிற்சியாளரோ மறுநாளே வேறு நிறச் சட்டை அணிந்து, வேறு கூட்டத்தில் நின்று, "இதுவே என் கனவுப் பணி" என்பார். கோடிகளில் ஊதியம் பெற்றவனுக்குக் கட்டில்லை. ஊதியமே இல்லாதவனுக்குக் கட்டு.

2018 அக்டோபரில் மாறுதல் விரும்புவோருக்கான பதிவு வாயில் திறந்தது. 2021-இல் முதல் மாறுதலுக்கு ஓராண்டுக் காத்திருப்பு நீங்கியது. அதே ஆண்டு சூலையில் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் பெறும் உரிமையும் வந்தது. 2024-இல் எத்தனை முறையும் மாறலாம் என்றாயிற்று. அதே ஆண்டு அந்தச் சம்மதக் கடிதமும் ஒழிந்தது. ஹார்பா போனபோது மிச்சிகன் மாணவர்களுக்கு, விரும்பினால் விலகிக்கொள்ள 30 நாள் வாயில் திறந்தது. இந்த மாற்றங்களை நாம் மனமார வரவேற்கிறோம்.

வந்ததும் தொடங்கிய புலம்பலைத்தான் சகிக்க முடியவில்லை. இக்காலத்துப் பிள்ளைகளுக்கு விசுவாசம் இல்லை, பணம் கண்ட பக்கம் ஓடுகிறார்கள், வாக்குக்கு மதிப்பில்லை. இதைச் சொல்பவர்களில் பயிற்சியாளர்களும் உண்டு, அவர்களுடைய பழைய ரசிகர்களும் உண்டு. 1976-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தை விட்டு நியூயார்க் ஜெட்ஸ் அணிக்குப் போன லூ ஹோல்ட்ஸ், ஓர் ஆட்டம் மிச்சமிருக்கவே விலகி ஆர்கன்சா போனார். 2013 சனவரியில் ஆரகனிலேயே தங்குகிறார் என்று செய்தி வந்த சிப் கெல்லி, பத்து நாளுக்குள் ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் பயிற்சியாளர் ஆனார். 2010 சனவரியில் பீட் கேரல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தை விட்டு சியாட்டில் போனார். சூன் மாதம் என்.சி.ஏ.ஏ தண்டனை வந்தது. அதைச் சுமந்தவர்கள் அங்கே மிஞ்சியிருந்த மாணவர்கள். இவர்களிடம் பாடம் கேட்ட தலைமுறைதானே இப்போது ஓடுகிறது?

போவதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. தங்குவதையே அறமாக்கிக் கொண்டாடுவதிலும் நமக்கு உடன்பாடில்லை. 1973-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணிக்கு ஒப்புக்கொண்டு, மறுயோசனையில் பென் ஸ்டேட்டிலேயே தங்கிவிட்டார் ஜோ பெடர்னோ. பணத்தை உதறிய ஆசான் என்று அடுத்த பல பத்தாண்டுகள் அவரைப் போற்றினார்கள். 2011 நவம்பரில், அவருடைய முன்னாள் உதவியாளர் ஒருவர் சிறுவர்களிடம் இழைத்த பாலியல் கொடுமைகள் வெளிவந்தபோது, அவற்றைத் தடுக்கப் போதியது செய்யவில்லை என்று அந்தப் பல்கலைக்கழகமே அவரைப் பணிநீக்கம் செய்தது. ஒரே இடத்தில் வேரோடிவிட்ட மனிதரைக் கேள்வி கேட்க எவரும் துணியாத நிலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதுவும் ஒரு சான்று. நிறுவனங்களும் விசுவாசத்தின் வடிவங்கள் அல்ல. 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை, 7.5 கோடி டாலருக்குமேல் இழப்பீடு தந்தாவது, அனுப்பிவைத்தது.

நாம் கேட்பது மிகச் சிறியது. அழைப்பு வந்தால், "வந்திருக்கிறது, யோசிக்கிறேன்" என்று அணியிடம் முதலில் சொல்லட்டும். நேர் விடையோ மறை விடையோ தர இயலாத நேரத்தில், "இன்னும் முடிவெடுக்கவில்லை" என்பதும் நேர்மையான மொழிதான். அப்படிச் சொன்னால் ஆள் சேர்ப்பு கெடும் என்பார்கள். கெடட்டுமே, உண்மை தெரிந்தால் சேரமாட்டான் என்றால், அவனை உண்மை மறைத்துத்தான் சேர்த்தீர்கள் என்று பொருள். பல்கலைக்கழகங்களும் பயிற்சியாளர் சந்தை அடங்கிய பிறகு மாணவர் கையெழுத்து நாளை வைக்கலாம். பிப்ரவரி என்பது மரபான நாள்தானே?

கடைசியாக ஒன்று. பேட்ரியட்ஸ் அணிக்கு ஆறு சூப்பர் பவுல் வென்று தந்த பில் பெலிசிக், 2024 திசம்பரில் கல்லூரிப் பக்கம் இறங்கி வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஓராண்டு ஆகுமுன்னே அவர் மீண்டும் தொழில்முறைக்குப் போகிறார் என்று வதந்தி. 2025 நவம்பரில் அவர் வெளியிட்ட மறுப்பு இலக்கண நோக்கில் அழகானது: எந்தத் தொழில்முறைத் தலைமைப் பணிக்கும் முயலவுமில்லை, முயலவும் மாட்டேன். தமிழில் இல்லை என்பது சென்றதையும் நிகழ்வதையும் மறுக்கும்; வருவதை மறுக்க மாட்டேன் என்று தனியே சொல்ல வேண்டும். அவர் மூன்று காலத்தையும் அடைத்துவிட்டார். அந்தப் பருவத்தில் அவர் அணி 12 ஆட்டத்தில் 8-இல் தோற்றது.